வெந்நீர் கேட்ட வீடு

நாங்கள் ஏழைகள் என்று நம்பித்தான் நான் வளர்ந்தேன். ஆலங்காயத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் எங்கள் ஓட்டு வீடு. அப்பாவுக்கு வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் புதுத்துணி. எதைக் கேட்டாலும் அம்மா, "நம்மள மாதிரி ஏழைங்களுக்கு அதெல்லாம் எதுக்கு?" என்பாள். அந்த வார்த்தையை நான் சந்தேகப்பட்டதே இல்லை.

எழுபதுகளின் கடைசியில் நர்ஸ் பயிற்சி முடித்ததும் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டில் வேலை போட்டார்கள். பிரசவம் பார்ப்பது, தடுப்பூசி போடுவது, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது. மலை ஏற ஜீப்பில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். அங்கிருந்து மற்ற ஊர்களுக்கு நடைதான்.

முதல் மழைக்காலத்தில் ஒருநாள் காலை, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வந்து தன் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது என்றார். பையை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன். மண்சுவரும் புல்கூரையுமாக ஒற்றை அறை வீடு. மனைவி சுவரோரம் பாயில் படுத்திருந்தாள். அவருடைய அம்மா அடுப்பில் சாமை வேகவைத்துக்கொண்டிருந்தார்.

"வெந்நி வேணும்மா. நெறைய வேணும்," என்றேன்.

அந்த அம்மா அடுப்பிலிருந்து பானையை இறக்கி வெளியே எடுத்துப் போனார். அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. உச்சிக்கு முன்பே பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள்.

கை கழுவ வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். கூரை விளிம்புக்குக் கீழே ஒரு முறத்தில் இலை பரப்பி, அதன்மேல் பாதி வெந்த சாமையைக் கொட்டியிருந்தார்கள். அந்த வீட்டு மூத்த பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, விரலால் வழித்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, இது வேகவே இல்லையே. இன்னொரு பானைல தண்ணி வச்சிருக்கலாம் இல்ல?"

"இன்னொண்ணு ஏது நர்சம்மா? வூட்ல கீறது இது ஒண்ணுதான். நீ வெந்நி கேட்டியே, அதான் கொட்டிட்டேன். இன்னா இப்போ, திரும்ப அடுப்புல போட்டா வெந்துடப் போவுது."

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வது மாதிரிதான் சொன்னார். நான் உள்ளே திரும்பிப் போய் அறையைப் பார்த்தேன். ஒரு தண்ணீர்க் குடம், இரண்டு தட்டு, கொடியில் ஒரு சேலை. காலையிலிருந்து என் கண்ணெதிரே இருந்தவைதான். வீடு சுத்தமாக இருக்கிறது என்று மட்டும்தான் அதுவரை நினைத்திருந்தேன்.

அந்த மாதக் கடைசியில் வீட்டுக்குப் போனேன். சமையலறைப் பலகையில் பாத்திரங்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. சோற்றுக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று, பாலுக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கென்றே ஒன்று. பிறந்ததிலிருந்து அந்த அறையில் புழங்கியவள், அன்றுதான் அவற்றைப் பார்ப்பது போல நின்றேன்.

சாப்பிடும்போது நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை வைத்துவிட்டு, "பெத்தவ அன்னிக்கு இன்னா சாப்ட்டா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. மலைக்குத் திரும்பக் கிளம்பும்போது, பெரிய அலுமினியக் குண்டான் ஒன்றைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

"சும்மா கவுந்துதான் கெடக்குது. அந்த வூட்ல குடுத்துடு."

ஏழைங்க என்று சொல்வதை அதற்குப் பிறகும் அவள் விடவில்லை. பழகிய வாய். எனக்குத்தான் அது வேறு யாரையோ சொல்வது போலக் கேட்டது.

குண்டானை வாங்கிய அந்த அம்மா அதன் அடியைத் தட்டிப் பார்த்தார். "கனமாத்தான் கீது," என்றார். நல்லதாக ஒரு வார்த்தை வரும் என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பினேன். சில மாதம் கழித்து அதே ஊரில் வேறொரு வீட்டில் பிரசவம். நான் போய்ச் சேரும் முன்பே தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. எங்கள் குண்டானில்தான். எந்த வீட்டில் வலி கண்டாலும் அது அங்கே போய்விடுமாம். வேலை முடிந்ததும் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்களாம்.

அடுத்த மழையில் எனக்கே காய்ச்சல் கண்டது. ஜீப் ஓடவில்லை. அறையில் தனியாகப் படுத்திருந்தேன். யார் சொன்னார்களோ, மத்தியானம் அந்த அம்மா வந்தார். சுரைக்குடுக்கையில் சாமைக் கஞ்சி, இலையில் மடித்த புளித் துவையல்.

"எழுந்து குடி. வெறும் வயித்துல மாத்திர போடாதன்னு எங்களுக்கு மட்டும் சொல்றே."

மழைக்காலத்தில் அவர்கள் வீட்டில் எவ்வளவு சாமை இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு சொல்லாமல் வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தேன். வயிற்றுக்குள் சூடு இறங்கியது. அவர் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றிம்மா," என்றேன்.

அந்த வார்த்தையை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை போலும். "ஆட்ட வுட்டுட்டு வந்துகிறேன், வர்றேன்," என்று எழுந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார்.