மச்சான் ருசி பார்த்த மாதா கோயில்

எங்கள் காட்டில் களை பறிக்கும்போது நிமிர்ந்தால், கரட்டுக் குன்றின் உச்சியில் அந்த மாதா கோயில் வெள்ளையாகத் தெரியும். ஏறிப் போனதில்லை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவியின் அண்ணன் புது பைக்கோடு வந்து, "மாப்ளே, வாங்க, ஒரு எட்டு பாத்துட்டு வருவோம்" என்றார்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் எங்களை உள்ளே அழைத்துப் போனார். சன்னல் மாடத்தில் ஓர் ஆள் காலை நீட்டி உட்காரலாம், சுவர் அவ்வளவு அகலம். உத்தரமே இல்லை, வளைவுகள்தான் கூரையைத் தாங்கி நின்றன.

"வெளிநாட்டுச் சாமியார் ஒருத்தரு கட்டுனது. அப்ப ஏது சிமெண்டு? சுண்ணாம்பு, கடுக்காத் தண்ணி, கருப்பட்டி, முட்ட வெள்ளக்கரு எல்லாம் போட்டு அரச்சுப் பூசுனாக" என்றார் உபதேசியார்.

மச்சானுக்குச் சர்க்கரை நோய். வீட்டில் இனிப்பைக் கண்ணில் காட்டுவதில்லை.

"கருப்பட்டியா?" என்றார்.

உபதேசியார் பீடத்துப் பக்கம் நகர்ந்ததும், தூண் மறைவில் மச்சான் இரு கைகளையும் சுவரில் ஊன்றி நாக்கை நீட்டி நக்கிவிட்டார். வெள்ளையடித்த சுவர் நாக்கைப் பொசுக்கியிருக்க வேண்டும்; கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

பின்னால் வந்த ஓர் அம்மாள் அதைப் பார்த்துவிட்டார். "எந்த ஊரு புண்ணியவானோ, எப்படி உருகி முத்தி பண்ணுதாரு பாரு!" என்று சொல்லி, தானும் அதே இடத்தில் முத்தமிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வரிசை கட்டினார்கள்.

"என்ன வேண்டுதலுண்ணே?" என்று அந்த அம்மாள் மச்சானிடம் கேட்டார்.

மச்சானுக்கு நாக்குப் புரளவில்லை. "சுகரு" என்றார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் சுகருதேன்!" என்று அந்த அம்மாள் ஓடிப்போய்க் கணவரையும் இழுத்து வந்து சுவரில் சாய்த்தார்.

சத்தம் கேட்டு உபதேசியார் வந்தார். மச்சானின் வெள்ளை நாக்கைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. காதோரம் குனிந்து, "நல்ல ஆளுய்யா நீங்க! அந்த எடம் மட்டும் போன மாசம் சிமெண்டு பூசுனது" என்றார். கூட்டத்திடம் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தன் வீட்டுக்குத் திரும்பியதும் மச்சான், வழியில் பந்தல்குடியில் குடித்த டீ நாக்கைச் சுட்டுவிட்டதென்று தன் மனைவியிடம் சாதித்தார். அவரும் நம்பி மோர் கலக்கப் போனார். நான் சிரிப்பை அடக்கமாட்டாமல் வெளியே வந்து, துடைத்த பைக்கையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.