அண்ணி போட்ட விதவை வேஷம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தயங்கினேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், எழுத்து ஓடாது. ஆனால் போன மாதம் ஈப்போவில் ஒரு கருமாதி வீட்டில், என் அண்ணி சினிமாவுக்காகத் தாலியைக் கழற்றியதால்தான் அண்ணன் போய்ச் சேர்ந்தார் என்று ஒருத்தி சொன்னாள். பக்கத்தில் இருந்த நான் அந்த அண்ணனுடைய கூடப்பிறந்த தங்கை என்று அவளுக்குத் தெரியாது. முருகன் சாட்சியாக, நடந்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். சிம்பாங் பூலாய்ப் பக்கம் நாங்கள் வேலை செய்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு, துரை பங்களா பூட்டிக் கிடந்தது. ஈப்போவிலிருந்து ஒரு சீன டைரக்டர் வந்து, பழைய ஆங்கில நாவல் ஒன்றை டிவி நாடகமாக அங்கே எடுத்தார். கதை இங்கிலாந்துக் கதை, நடிப்பவர்கள் மட்டும் நம் நாட்டு ஆட்கள் என்றார். டாக்டராக ஒரு சீனர், மகனாக ஒரு மலாய்க்காரர். வீட்டு எஜமானியம்மா புருஷனை இழந்தவள். அதற்கு அண்ணியைக் கேட்டார். அண்ணி தைப்பிங்கில் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவர், ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. அதுவரை படம் எடுக்க வந்தவர்கள் எங்களைக் கேட்டதெல்லாம் பால் வாளி தூக்கி நடக்கத்தான். "வெள்ளைக்காரச்சி வேஷத்துக்கு இவளா? ஒரு டின் பவுடர் பத்தாது லா" என்று எங்கள் லயத்து வீடுகளில் சிரித்தார்கள். டைரக்டரோ பவுடரே வேண்டாம் என்றுவிட்டார்.

சிக்கல் பொட்டில் வந்தது. கழுத்து மூடிய கறுப்புக் கவுனுக்குள் தாலி மறைந்துவிடும். நெற்றியை எப்படி மறைப்பது? "தோலு எப்படி இருந்தாலும் சரின்னீங்க. பொட்டு மட்டும் ஏன் ஸார் உறுத்துது?" என்று அண்ணி கேட்டார். டைரக்டர் கோபப்படவில்லை. பார்க்கப்போவது நம் ஊர்ச் சனம், தமிழ் முகத்தில் பொட்டைக் கண்டால் புருஷன் இருக்கிறான் என்றுதானே நினைக்கும் என்றார். அதுவும் நியாயம்தான். முடியாதென்றால் நடிக்க ஒரு வெள்ளைக்கார டீச்சர் தயாராக இருந்தார். அண்ணி பங்களா படியில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் பெண்கள் பின்வாசல் வழியாகவே போய் வந்த வீடு அது. அந்த ஹாலில், எஜமானியம்மா நாற்காலியில் உட்கார அவருக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். வெறும் நெற்றியோடு நிற்க எவ்வளவு பயம் என்பதும் தெரியும்.

லாரி ஓட்டிவிட்டு வந்த அண்ணன் விஷயத்தைக் கேட்டார். தோளில் கிடந்த துண்டை நனைத்து, எங்கள் எல்லார் முன்னாலும் தன் கையாலேயே அந்தக் குங்குமத்தைத் துடைத்தார். "நான்தான் குத்துக்கல்லு மாதிரி இங்க நிக்கிறேனே. என்னையப் பாத்துக்கிட்டே அழு, போ" என்றார். கேமராவுக்குப் பக்கத்திலேயே கடைசி வரை நின்றார். எடுத்து முடித்ததும் அவரே திரும்ப வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ தீபாவளி இருவரும் சேர்ந்து கொண்டாடினார்கள். அண்ணன் போனது நெஞ்சு வலியில். இன்று டிவியில் இங்கிலாந்துக் கதைகளில் எல்லா நிறத்தவரும் நடிக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அதைப் பெரிதாகப் பேசுவதுகூட இல்லை. அண்ணி மட்டும் இன்னும் அந்தப் பழியைச் சுமக்கிறார். ஆகையால் இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். பொட்டைத் துடைத்த கை யாருடையது என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.