மாமாவின் நவநாளும் என் காவலும்

எனக்கு எட்டு வயது நடக்கும்போது என் தாய்மாமனைக் காவல் காக்கும் உத்தியோகம் கிடைத்தது. சம்பளம் கிடையாது, அதிகாரம் மட்டும் உண்டு. அவர் தொண்டைக்குள் சாராயமோ கள்ளோ ஒரு சொட்டும் இறங்காமல் ஒன்பது நாள் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதானே என்று நானும் நினைத்தேன்.

முப்பதுகளின் தொடக்கம் அது. இலங்கையில், கண்டிக்குப் பக்கம் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா தோட்டத்துக் கந்தோரில் கிளாக்கர். அம்மாவின் ஒரே தம்பியான மாமா அதே தோட்டத்துக்குத் தப்பால்காரர். காலையில் பூட்டுப் போட்ட தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு மைல் இறங்கிக் கலஹா தபால் கந்தோருக்குப் போவார். துரையின் கடிதங்கள் பைக்குள் ஏறும். தொழிலாளர் குடியிருந்த லயத்து ஆட்களின் கடிதங்கள் மாமாவின் சட்டைக்குள் ஏறும். மத்தியானம் வரும் வழியிலேயே அவற்றை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருவார்.

கொடுத்தால் மட்டும் போதுமா? வாசித்தும் காட்ட வேண்டும். தோட்டத்தில் எழுத்துத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மாமா வாசிப்பதோ வெறும் வாசிப்பில்லை. மாமியார் எழுதியிருந்தால் மாமியார் குரல் வரும், கோபித்துக்கொண்ட தம்பி எழுதியிருந்தால் மீசையை முறுக்கிக்கொண்டு வாசிப்பார். ஒரே கடிதத்தை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். அப்படி ஒரு மனிதரை நான் அப்புறம் பார்த்ததே இல்லை.

வினையும் அங்கேதான் இருந்தது. கடிதம் கொண்டுவந்தவரை வாய் நனைக்காமல் அனுப்புவது எங்கள் தோட்டத்தில் மரியாதைக் குறைவு. நல்ல சேதியானால் சந்தோஷத்துக்கு ஒரு வாய். சாவுச் சேதியானால் துக்கத்துக்கு ஒரு வாய். ஒன்றுமில்லாமல் வெறும் சுகம் விசாரிப்பானால், பாவம், மலை ஏறி வந்த களைப்புக்கு ஒரு வாய். யாரும் அவரைக் கெடுக்க நினைத்து ஊற்றவில்லை, பாசமாகத்தான் ஊற்றினார்கள். பதினெட்டு வயதில் பையை மாட்டினவர் இருபத்தாறு வயதில் காலையில் ஒரு வாய் போடாமல் பையைத் தூக்க முடியாத நிலைக்கு வந்திருந்தார்.

மாமாவின் மனைவியான என் அத்தை பொறுத்துப் பார்த்தாள். ஆறு மாதக் குழந்தையை ஒருநாள் மாமா ஏணைத் தொட்டிலிலிருந்து எடுக்கப் போய் நழுவ விட்டார். குழந்தைக்கு ஒன்றுமில்லை, சாக்கு மேல் விழுந்தது. ஆனால் அன்றைக்கே அத்தை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேராதனைப் பக்கம் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் அப்பா அங்கே வேதக் கோயிலில் உபதேசியார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவர், அம்மா இழுத்துப் போட்ட கதிரையில் உட்காரவே இல்லை.

"அந்தோனியாருக்கு ஒம்போது நாள் நவநாள். ஒரு சொட்டுத் தொடக்கூடாது. ஒம்பதாம் நாள் கோயில்ல வந்து முட்டி போடட்டும், புள்ளையையும் பொஞ்சாதியையும் அனுப்பி வைக்கிறேன். நடுவுல தொட்டான்னு தெரிஞ்சுச்சோ, ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு ஊருக்குக் கப்பலேறிருவேன். அப்புறம் இந்தப் பக்கம் தலைவச்சும் படுக்க மாட்டோம்."

"ஒம்பது நாள் என்ன மாமா, தொண்ணூறு நாள் இருப்பேன்" என்றார் என் மாமா. அப்பா இருமினார். அம்மா அப்பாவை முறைத்தாள்.

அன்று மாலை அம்மா என்னைக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடம் விடுமுறை.

"ஏ புள்ள, நாளையிலேர்ந்து மாமா எங்க போனாலும் நீயும் போற. யாராச்சும் ஊத்திக் குடுத்தா என்னா சொல்லுவ?"

"மாமா நவநாள்ல இருக்காங்க."

"சத்தமா சொல்லு."

சொன்னேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "போதும், இன்ஸ்பெக்டரம்மா" என்றார் அப்பா.

முதல் நாள் பிரமாதமாகப் போனது. மாமா காலையிலேயே குளித்துத் தலை சீவி வந்துவிட்டார். வழி நெடுக மகனைப் பற்றியே பேச்சு. "இந்நேரம் குப்புற விழுந்திருப்பான்டி. நாம கூட்டிக்கிட்டு வர்றப்போ தவழுவான், பாரு." நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். திரும்பி வரும்போது முதல் கடிதம் பெரிய கங்காணிக்கு. அவர் வழக்கம்போல உள்ளே பார்த்து, "கிளாஸ் கொண்டாங்க" என்றார்.

"மாமா நவநாள்ல இருக்காங்க!" என்று கத்தினேன்.

கங்காணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நவநாளா? நல்ல காரியம்டா தப்பாலு! ரொம்ப நல்ல காரியம். அந்தச் சந்தோஷத்துக்காகவே ஒரு வாய் போட்டுட்டுப் போ."

அவர் கேலி செய்யவில்லை, மனதாரத்தான் சொன்னார். நான் மாமாவின் விரலை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அடுத்த லயத்தில் ஒருவர், "நவநாளு கோயில்லதானே, இது என் வீடு" என்றார். இன்னொருவர், சாராயம்தானே கூடாது, கள்ளுக்கு என்ன, அது மரத்துத் தண்ணிதானே என்று எனக்கே வகுப்பு எடுத்தார். எல்லாருக்கும் ஒரே பதில்தான், ஒரே சத்தம்தான். எனக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

கஷ்டப்பட்டது கடைசி வீட்டில்தான். புருஷன் இந்தியாவுக்குப் போய் எட்டு மாதமாகச் சேதி இல்லாத ஒரு அக்காவுக்கு அன்றைக்குக் கடிதம் வந்திருந்தது. அவன் உயிரோடுதான் இருக்கிறான், மாசி கழித்து வருகிறான். அந்த அக்கா அழுது சிரித்து, மாடத்திலிருந்து ஒரு போத்தலை எடுத்து வந்தாள். இப்படி ஒரு நாள் வருமென்று எட்டு மாதமாகப் பத்திரப்படுத்தியிருந்தாளாம். மாமா வேண்டாம் என்று தலையாட்டினதும் அவள் முகம் செத்துப்போயிற்று.

"ஏண்ணே, கடுதாசில வேற ஏதும் இருக்கா? படிக்காம விட்டுட்டீங்களா? அதான் குடிக்க மாட்டேங்கிறீங்களா?"

அவளை நம்ப வைக்க மாமா அந்தக் கடிதத்தை நாலு தரம் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. நாலாவது தரம் வாசிக்கும்போது அவர் நெற்றியெல்லாம் வேர்வை. வெளியே வந்து தண்ணீர்ப் பைப்படியில் தலையைக் கொடுத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் பெருமையோடு ஒரு விரலை மடக்கினேன். ஒரு நாள் முடிந்தது.

இரண்டாம் நாள் மாமா அவ்வளவாகப் பேசவில்லை. கலஹாவில் ஒரு கடை இருந்தது. அக்குறணையிலிருந்து வந்து கடை போட்டிருந்த ஒரு முஸ்லிம் நானா அதை நடத்தினார். வழி முழுக்கக் காவல்காரிக்கு வேலை இல்லாத ஒரே இடம் அதுதான். அங்கே இஞ்சித் தேத்தண்ணி தவிர வேறு கிடைக்காது. மாமா கோப்பையைத் தூக்கினபோது பாதி தேத்தண்ணி மேசையில் கொட்டிவிட்டது.

நானா துணியால் துடைத்துக்கொண்டே மாமாவின் கையையே பார்த்தார். "தம்பி, கை இப்படி நடுங்குதே. இது சும்மா உடுற விசயமில்ல. தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர்ட்ட ஒருக்கா காட்டுங்க."

"குளிருதான் நானா" என்று மாமா சிரித்தார். மணி பன்னிரண்டு, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை, வடை தின்றுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் கடிதங்களைக் கொடுத்து முடித்ததும் மாமா தன் வீட்டுக்குப் போகாமல் எங்கள் வீட்டுக்கே வந்து முன்னறையில் பாயில் சுருண்டுகொண்டார். அம்மாவும் அப்பாவும் என் தம்பியையும் கூட்டிக்கொண்டு அவருக்காகவே நவநாள் செபம் சொல்லத் தோட்டத்துச் சிற்றாலயத்துக்குப் போயிருந்தார்கள். போகும்போது அம்மா, "கண்ண எடுக்காம பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் கண்ணை எடுக்கவே இல்லை. மாமாவுக்குப் பல் தந்தியடித்தது. போர்த்தியிருந்த கம்பளி குலுங்கியது. சுவரைக் காட்டி, "எறும்பத் தட்டி விடுடி, எவ்வளவு எறும்பு" என்றார். சுவரில் ஒரு எறும்பும் இல்லை.

கீழ்நாட்டில் குளிர்காய்ச்சல் பரவிக்கிடந்த காலம் அது. நடுக்கம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதற்கு மருந்தும் தெரியும். எனக்கோ தம்பிக்கோ உடம்பு நடுங்கினால் அம்மா அலுமாரியின் மேல்தட்டில் மாதா சுரூபத்துக்குப் பின்னால் இருக்கும் பிராந்திப் போத்தலை எடுப்பாள். முட்டையை அடித்து, சீனி போட்டு, பிராந்தி கலந்து, மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். கிளாக்கர், கணக்கப்பிள்ளை, டிஸ்பென்சர் என்று கௌரவமான வீடு எல்லாவற்றிலும் அந்தப் போத்தல் உண்டு. அது சாராயமில்லை, மருந்து. சாராயம் என்பது லயத்தில் குடிப்பது. எங்கள் வீட்டில் அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

கதிரையை இழுத்துப் போட்டு ஏறினேன். முட்டை அடித்தேன். அளவு தெரியாததால் கோப்பை நிறைய ஊற்றினேன்.

வாசனை பட்டதும் மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "அத மட்டும் கொண்டாராத தாயி. எடுத்துக்கிட்டுப் போயிரு. உன்னயக் கும்புடுறேன்."

நானும் மருந்துக்கு அப்படித்தான் அடம்பிடிப்பேன். அம்மா என்னைத் திட்டுவது போலவே அவரைத் திட்டினேன். "சும்மா பாசாங்கு பண்ணாதீங்க! கண்ண மூடிக்கிட்டு ஒரே முழுங்கு. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." இந்தக் கையால்தான் அவர் தலையை நிமிர்த்தினேன். மாமா என் முகத்தையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணில் நீர் கொட்டியது. காய்ச்சல் கண்ணீர் என்று நினைத்தேன். பிறகு குடித்தார்.

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது. எறும்பெல்லாம் போய்விட்டது. என் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "இன்னும் இருக்காடி?" என்று கேட்டார். மருந்தைக் கேட்டு வாங்கிக் குடிக்கும் நோயாளியை நான் அதுவரை பார்த்ததில்லை. சந்தோஷமாகப் போத்தலையே கொண்டுவந்து கொடுத்தேன்.

அம்மா வந்தபோது போத்தல் காலியாகிப் பாயில் உருண்டு கிடந்தது. மாமா எழுந்து உட்கார்ந்து தெளிவாகச் சொன்னார்: "நான்தான் அலுமாரியத் தொறந்து எடுத்தேன் அக்கா. அவ வெளியில வெளாண்டுக்கிட்டு இருந்தா."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. முட்டை அடித்தது யார்? கதிரையில் ஏறினது யார்? "பொய்! நான்தான் குடுத்தேன்!" என்று கத்தினேன். மாமாவைக் காப்பாற்ற நான் பொய் சொல்கிறேன் என்று அம்மா நினைத்துவிட்டாள். பளாரென்று ஒன்று வைத்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஒரு தும்மலுக்குக்கூட என் தம்பிக்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் அம்மா, மாமாவுக்குச் சுகமானதற்கு ஏன் இப்படி அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.

உபதேசியாரிடம் பொய் சொல்லக்கூடாது என்று அப்பா நடந்ததைக் கடிதமாக எழுதினார். மறுநாள் அந்தக் கடிதத்தைக் கலஹாவுக்குக் கொண்டுபோனது மாமாதான். வழியில் எத்தனையோ கிடங்கு பள்ளம், எத்தனையோ ஓடை. கிழித்துப் போட்டிருந்தால் யாருக்குத் தெரியும்? அவர் கிழிக்கவில்லை, கொண்டுபோய்ச் சேர்த்தார். பதினைந்து நாளில் அத்தையும் குழந்தையும் தலைமன்னாரில் கப்பலேறிவிட்டார்கள். குழந்தை தவழ்ந்ததை எங்களில் யாரும் பார்க்கவில்லை.

பிற்காலத்தில் நான் கண்டியில் நர்ஸ் வேலைக்குப் படித்தேன். அப்போது ஒருநாள் வார்டில் ஒருவர் அதே மாதிரி நடுங்கிக்கொண்டு சுவரில் எறும்பு தட்டினார். குடியை ஒரேயடியாக விட்டதால் வந்தது, ஆளையே கொன்றாலும் கொன்றுவிடும், பக்குவமாகப் பார்த்து மூன்று நாலு நாள் தாண்ட வைத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்று மூத்த நர்ஸ் சொன்னாள். மூன்று நாலு நாள்! நான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மாமா இறந்து அப்போது ஐந்து வருஷமாகியிருந்தது.

ஆனால் அந்த வயதில் எனக்கு அழுகை எங்கே வந்தது? நவநாள் நடந்த அதே வருஷம் எனக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை. அதற்கு முந்தின நாள், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனம். என்னைக் கோயிலுக்குக் கூட்டிப் போனவர் மாமா. அவர் உள்ளே வரவில்லை, வெளியே மரத்தடியில் நின்றார். நான் முடித்துவிட்டு வந்ததும் கூட நடந்துகொண்டே கேட்டார்.

"என்னென்ன பாவம் சொன்ன?"

"கொய்யா திருடுனது, தம்பியக் கிள்ளுனது, அப்பா பேனாவ ஒடச்சது."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

மாமா திரும்பிக் கோயிலைப் பார்த்தார். "அன்னிக்கு... அந்த அலுமாரி விசயம்?"

நான் நின்றுவிட்டேன். "அது எப்படி மாமா பாவமாகும்? நான் உங்களச் சுகமாக்குனேனே! அம்மாதான் நம்ப மாட்டேங்குறாங்க."

மாமா குனிந்து என்னைப் பார்த்தார். அவர் வாயில் அன்றைக்கும் நெடி அடித்தது.

"பாவமில்ல தாயி. பாவமே இல்ல" என்றார். என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு மேட்டில் ஏறத் தொடங்கினார். என் நியாயத்தை ஒப்புக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து காதில் சொன்னேன்: "இனிமே எப்ப நடுக்கம் வந்தாலும் என்னையக் கூப்புடுங்க மாமா. நான் வந்து குடுக்குறேன்."

மாமா சரி என்றார்.