அடியா, சீக்கா?

உயிரோடு இருக்கும் கடல் மீனை விற்கிறவளுக்குப் பாதி வேலை சும்மா பார்த்துக்கொண்டே இருப்பதுதான். நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். பேனாவை எடுத்ததிலிருந்து, இதையும் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று வரிக்கு வரி அடித்து எழுதுகிறேன். வீட்டில் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்து, காலையில் ஒரு மீன் மல்லாந்து மிதப்பதைப் பார்த்தவர்களாவது என்னை மன்னிப்பீர்கள்.

கடை ராயபுரத்தில். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. சுவரோரம் அடுக்கிய தொட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர்தான், குழாய் வழியாகச் சுற்றி வரும். மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால் தொட்டிகளின் நீல வெளிச்சம் தரையிலும் கூரையிலும் என் புடவையிலும் அலையும். துறைமுகத்து லாரிகளின் சத்தம்கூட எங்கோ கடலுக்கடியில் கேட்கிற மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் நான் நின்றுகொண்டே மிதப்பேன்.

ஆனால் பயம் மட்டும் மிதக்காது. நான் சேருவதற்கு முந்தின வருஷம் ஒரே ஒரு மீனின் சீக்கு குழாய் வழியாக எல்லாத் தொட்டிக்கும் போய்க் கடையே காலியானதாம். இன்னொரு தடவை அப்படி ஆனால் மூடிவிட்டு ஊருக்குப் போய்விடுவேன் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான். அதனால் எந்த மீன் மேல் எந்தப் புள்ளியைப் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்வி: இது அடிபட்டதா, சீக்கா?

ஒரு கண்ணா, இரண்டு கண்ணா

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவர் வாளியில் ஒரு கோமாளி மீனைக் கொண்டுவந்தார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட சின்ன மீன். "இன்னாக்கா, கண்ணு வெளிய வந்துகினு கீது?" என்று பதறினார். ஒரு கண் சோப்புக் குமிழி மாதிரி தள்ளியிருந்தது, மற்றது சரியாக இருந்தது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரு கண் மட்டும் வீங்கினால் பெரும்பாலும் கல்லில் மோதியிருக்கும். தண்ணீரைச் சுத்தமாக வைத்தால் மெல்ல வடிந்துவிடும். இரண்டு கண்ணும் வீங்கினால் உள்ளே சீக்கு என்று சந்தேகப்பட வேண்டும். அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பினார். "எங்க வூட்ல தெனம் ரெண்டு கண்ணையும்ல உருட்டுது. அப்போ அதுக்கு சீக்குன்றியா?"

தொட்டிக்கு வந்த அம்மை

திருவொற்றியூரிலிருந்து ஓர் அம்மாள் ஆள் அனுப்பியிருந்தார். போய்ப் பார்த்தால் தொட்டியின் மேல் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. உள்ளே நீல மீன் உடம்பெல்லாம் ரவை தூவியது போல வெள்ளைப் புள்ளி. அடி என்றால் ஓரிடத்தில் இருக்கும். இது உடம்பெங்கும் இருந்தது. மருந்துப் பாட்டிலைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆத்தா இறங்கியிருக்கும்போது மருந்து கூடாதாம்.

மூன்றாம் நாள் மறுபடி போனபோது புள்ளிகள் உதிர்ந்திருந்தன. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை, மனுஷருக்கு ஊற்றுவது போலவே, தொட்டியில் ஒரு சொம்பு ஊற்றினாராம். உதிர்ந்தது குணம் இல்லை, அடி மணலில் போய்ப் பெருகிவிட்டு மறுபடி ஏறும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த வாரம் புள்ளி இரட்டிப்பானதும் அவரே கடைக்கு வந்தார். "தலைக்கு ஊத்தி மரியாதையாத்தான் அனுப்பி வெச்சேன். நம்ம வூடு புடிச்சிப் போச்சு போல, ஆத்தா திரும்பி வந்துகீது!"

அடி மீன்

இனி என் கதை. காத்திவாக்கத்திலிருந்து எங்களுக்குக் கடல் தண்ணீரும் மீனும் கொண்டுவருகிறவர் வேலு. ஒரு நாள் கேனை இறக்கிவைத்து, மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட பட்டாம்பூச்சி மீனைக் காட்டி, "இது அடி மீனுக்கா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதன் விலாவில் நகம் அளவு வெள்ளைத் தழும்பு. அடிபட்ட மீன்தானே, வலை உரசியிருக்கும் என்று நிம்மதியாகத் தொட்டியில் விட்டேன். அந்த மத்தியானம் அது நீல வெளிச்சத்தில் இலை மாதிரி சாய்ந்து சாய்ந்து மிதந்தது. அழகு என்று நினைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை தழும்பு இரண்டாவது கோட்டைத் தொட்டது. சாயங்காலம் மூன்றாவது கோட்டைத் தாண்டி, ஓரம் சிவந்து, செவுள் படபடவென்று அடித்தது. காயம் நடக்காது, சீக்குத்தான் நடக்கும். பக்கத்துத் தொட்டியில் இரண்டு மீன் கல்லில் உடம்பைத் தேய்க்க ஆரம்பித்திருந்தன. ஓடிப்போய்க் குழாய்களை ஒவ்வொன்றாக மூடினேன். மேலே போகிற குழாய் மட்டும் இறுகிப்போய்த் திருகவில்லை. மேல் வரிசை முழுக்கப் போயிற்று. கீழ் வரிசை தப்பியது. அண்ணாச்சி கடைச் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலு வந்ததும் நான் கத்தினேன். அவர் தலையைச் சொறிந்தார். "கேனுக்கு அடியில நீஞ்சாம படுத்துகினு கெடந்த மீனுன்னு சொன்னேன். நீ யாரோ அட்ச்ச மீனுன்னு நெனச்சிக்கினா நான் இன்னாக்கா பண்றது?"

டப்புகள்

அன்றோடு நான் அடி, சீக்கு என்று பெயர் வைப்பதை விட்டேன். அண்ணாச்சியிடம் கெஞ்சி, துணி ஊறவைக்கிற பிளாஸ்டிக் டப்புகள் வாங்கிப் பின்கட்டில் வரிசையாக வைத்தேன். புதிதாக வருகிற மீன், காயம் பட்டதோ, சீக்கு வந்ததோ, பளபளவென்று இருப்பதோ, ஒரு மாதம் தனி டப்பில்தான். ஒவ்வொரு டப்புக்கும் தனிக் காற்றுக்குழாய், தனி வலை, தண்ணீர் மொள்ளத் தனி மக். ஒன்றில் கை விட்டால் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துத்தான் அடுத்தது. வேலு எது சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுவேன். அண்ணாச்சி ஒரு நாள் பின்கட்டை எட்டிப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார்: "என்னம்மா, கடை நடத்துதியளா, பெரியாஸ்பத்திரி நடத்துதியளா?"

கடை மூடவில்லை, என் கைதான் சோப்பில் ஊறி ஊறி, அடியா சீக்கா என்று எனக்கே தெரியாத மாதிரி வெளுத்துப்போயிருக்கிறது.