ரெஜினா அக்கா கூட்டிப்போன ஆறு

ரெஜினா அக்கா தவறிவிட்ட செய்தி நாங்கள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது வந்தது. விடுதிக்குக் காய்கறி கொண்டுவரும் காதர் பாய், மூட்டையை இறக்கிய பிறகும் போகாமல் சமையல்கட்டு வாசலிலேயே நின்றார். "உங்க கைடு அக்கா தவறிப்போச்சும்மா. நெஞ்சுவலி. ஜீப்புல ஏத்தி வத்தலக்குண்டு போறதுக்குள்ள..." என்று சொல்லித் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். யாரும் கத்தியைக் கீழே வைக்கவில்லை. கையில் இருந்த கிழங்கைச் சீவிக்கொண்டே இருந்தோம். அன்றைக்குக் குழம்பில் கிழங்கெல்லாம் நெல்லிக்காய் அளவுக்குத்தான் கிடந்தது. சமையல் செய்யும் அம்மா எங்களைத் திட்டவில்லை.

இங்கே இருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் அக்காவைத் தெரியும். இந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டிராவல்ஸில் அக்கா கைடாக இருந்தார். சீசனில் வருகிறவர்களுக்கு ஏரியையும் தூண் பாறையையும் காட்டுவார். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கடைவீதியில் பேசியவர்கள் உண்டு. "ஆம்பளை வந்து காட்டினா மட்டும் மலை குனிஞ்சு கும்பிடுமாக்கும்?" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். சீசன் முடிந்ததும் எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு இறங்குவார். வைகையின் வடகரையில், செல்லூரில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி மலைக்கு வந்தவர் அவர். "பாண்டியர் தலைநகரம்: ஆற்றின் வழியாகவும் நடந்தும்" என்று அவரே எழுதிப் பள்ளிப் பலகையில் ஒட்டுவார். கூக்காலிலிருந்தும் பண்ணைக்காட்டிலிருந்தும் வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் எங்களில் பலர் அதற்கு முன்பு வத்தலக்குண்டைத் தாண்டியதே இல்லை.

விளக்கணைத்த பிறகு வார்டன் சிஸ்டருக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சலிக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுதி வாசிக்கலாம் என்று தலைமையாசிரியை சொன்னபோது நான் கை தூக்கவில்லை. அந்தக் கூட்டம் முடிந்ததும் அதே மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். என் அப்பா வருவார். போன கூட்டத்தில் எழுந்து நின்று, "பிள்ளைகளுக்குக் கோயிலைக் காட்டுங்க, மகாலைக் காட்டுங்க, வேண்டாங்கல. ஆத்துக்குள்ள மட்டும் எறக்காதீங்க" என்று சொன்னவர் அவர்தான். நிறையப் பேர் தலையாட்டினார்கள். அக்கா எழுந்து, "அடுத்த கூட்டத்துல பேசி முடிவு பண்ணிக்கலாங்கய்யா" என்றார். சொல்லிவிட்டு, டீ கொடுத்துக்கொண்டிருந்த என்னை ஒரு பார்வை பார்த்தார்.

அந்த அடுத்த கூட்டம்தான் இது. பேசுவதற்கு அக்கா இல்லை. யாரும் பேசாவிட்டால் ஒன்பதாம் வகுப்பு பஸ்ஸிலேயே போய், பஸ்ஸிலேயே திரும்பிவிடும். ஆறு இல்லாமல் போய்விடும்.

என் அப்பாவைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது என் சித்தப்பா, எங்கள் காப்பித் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் ஓடையைத் தாண்டும்போது போய்விட்டார். ஓடையில் பாறைதான் இருந்தது, தண்ணீர் இல்லை. மேலே எங்கோ பெய்த மழைத் தண்ணீர் அவர் நடுவில் இருக்கும்போது வந்துவிட்டது. அதற்குப் பிறகு கோடைக்காலத்தில்கூட அப்பா என்னை அந்த ஓடையில் கால் வைக்க விட்டதில்லை. பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவோம். எனக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. குழாயில் தண்ணீர் திடீரென்று வேகமாக வந்தால்கூடப் பின்னால் நகர்ந்துவிடுவேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அப்பா அனுமதித் தாளில் கையெழுத்துப் போட மறுத்ததால், அக்கா பஸ் ஏறிப் பண்ணைக்காட்டுக்கே வந்தார். எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. ஏறி வரும்போது மிளகுக்கொடி பக்கத்தில் நின்று, "இது எத்தனை வருசத்துல காய்க்குங்க?" என்று கேட்டார். கொஞ்சம் ஏறி வாழை பக்கத்தில் நின்று இன்னொரு கேள்வி கேட்டார். அப்பாவுக்குச் சந்தோஷம். தோட்டத்தைப் பற்றி யாராவது கேட்டால் அவர் இளகிவிடுவார்.

"ஆத்துல தண்ணி கெடையாதுங்கய்யா. வெறும் மணலு" என்றார் அக்கா.

"தண்ணி இல்லாத ஆத்துல பாக்குறதுக்கு என்னம்மா கெடக்கு?"

"ராசா ஊருக்கு அந்தக் காலத்துல பஸ்ஸா இருந்துச்சு? வடக்கேயிருந்து வந்தவுக எல்லாரும் ஆத்தைத் தாண்டித்தான உள்ள போனாக. யாவாரி, புலவரு, சண்டைக்கு வந்தவன், எல்லாருக்கும் அதுதான் வாசலு. வாசல் வழியாப் போகணும்ல?"

அப்பா கீழே ஓடைப் பக்கம் பார்த்தார். பிறகு, "எந்தம்பியும் தண்ணி இல்லேன்னுதான் எறங்கினான்" என்றார்.

அக்கா சிரிப்பதை நிறுத்தினார். "உங்க பிள்ளையைக் கால் நனையாம அக்கரை சேத்துருவேங்கய்யா. இது என் வாக்கு" என்றார். அப்பா கையெழுத்துப் போட்டார். போகும்போது அக்காவுக்கு ஒரு சீப்பு மலைப்பழமும் கொடுத்தனுப்பினார்.

அக்காவோடு நடந்தவர்களுக்கு அவர் நிற்கும் இடங்கள் ஞாபகம் இருக்கும். மற்ற கைடுகள் கோபுரத்துக்கு முன்னால் நிற்பார்கள். அக்கா எங்கெங்கோ நிற்பார். மாசி வீதியில் ஒரு அடிகுழாய்ப் பக்கம் நின்று, "இந்தத் தெருவுக்கு ஏன் மாசின்னு பேரு? உள்ள ஆவணி மூல வீதி, அதுக்கும் உள்ள சித்திரை வீதி, கடைசியில ஆடி வீதி. மாசம் மாசமா உள்ள போறோம் பாத்தீங்களா? இந்த ஊருல தெருவே காலண்டரு" என்பார். மகாலுக்குப் போகும் வழியில் செருப்புத் தைப்பவர் பக்கம் நின்று, அவர் முதுகு சாய்ந்திருக்கும் சுவரின் கல்லைப் பார்க்கச் சொல்வார். பழைய கோட்டையை இடித்த கல் எத்தனை வீட்டில் இருக்கிறதோ என்பார். "ஏய் கூக்கால், எங்க ஓடுற? ஊரு எங்கயும் போயிராது" என்று முன்னால் போகிறவளைக் கூப்பிடுவார். எங்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நான் பண்ணைக்காடு, அவள் கூக்கால்.

அடக்கத்துக்குப் போயிருந்தபோது அவருடைய கணவர் சொன்னார். அக்காவின் இருதயம் சின்ன வயதிலிருந்தே பழுது. மேடு ஏறக் கூடாது, வேகமாக நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். மூச்சு வாங்கும் இடத்தில் எல்லாம் நின்றிருக்கிறார். எங்கள் மேட்டில் மிளகுக்கொடி பக்கத்தில் நின்றதும் அதனால்தான். ஆனால் நின்ற இடத்தில் சும்மா நின்றதே இல்லை. நாங்கள் பார்க்க ஏதாவது ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அந்தத் தலைநகரத்தில் எங்களுக்குத் தெரிந்த பாதி, அக்காவுக்கு மூச்சு வாங்கிய இடங்கள்தான்.

இனி ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அன்று பஸ் எங்களை வடகரையில் இறக்கிவிட்டது. ஆற்றில் மணல்தான். சாயம் போட்ட நூல் வரிசையாகக் காய்ந்தது. பையன்கள் கிரிக்கெட் விளையாடினார்கள். சலவைக்காரர்கள் வேட்டிகளை விரித்திருந்தார்கள். முதல் நாள் அணையைத் திறந்திருக்கிறார்கள், தண்ணீர் சாயங்காலம் வந்துசேரும் என்று அக்காவிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். எங்களை அக்கரை ஏற்றி உட்கார வைத்துக் காட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நடுவில் இருக்கும் கல் மண்டபத்தைத் தாண்டியபோது மேற்கே, "தண்ணி வருது! தண்ணி வருது!" என்று சத்தம் கேட்டது.

நான் ஒரு சுவர் போல வரும் என்று நினைத்தேன். அப்படி வரவில்லை. பழுப்பு நிறத்தில், நுரையும் சருகும் ஒரு ஒற்றைச் செருப்பும் சேர்ந்து, பாய் விரிக்கிற மாதிரி மெதுவாக வந்தது. பள்ளம் இருந்தால் இறங்கி நிறைந்துவிட்டு மறுபடி கிளம்பியது. சின்னப் பையன்கள் அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்து வந்தார்கள். பெண்கள் குலவை போட்டுக் கற்பூரம் காட்டினார்கள். நூல்காரர்கள் அவசரம் இல்லாமல் நூலை அள்ளினார்கள்.

"மழைத் தண்ணி சொல்லாம வரும். இது அணைத் தண்ணி, சொல்லிட்டு வருது. பயப்படாத. ஆனா வெரசா நட" என்று அக்கா என் கையைப் பிடித்தார். அன்று மட்டும்தான் அவர் எங்கும் நிற்காமல் நடந்ததைப் பார்த்தேன்.

தென்கரையை ஒட்டிய தாழ்வில் எங்களுக்கு முன்பே தண்ணீர் வந்துவிட்டது. முழங்காலுக்குக் கீழேதான். மற்றவர்கள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு கூச்சல் போட்டபடி இறங்கிக் கடந்தார்கள். நான் அசையவில்லை. அக்கா என்னைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கழுதையோடு கரையேறப் போன ஒரு சலவைக்காரரைப் பார்த்தார்.

"அண்ணே, கழுதையை ஒரு நடை குடுங்க."

"என்னத்தம்மா ஏத்தணும்?"

"இந்தப் பிள்ளையை."

"ஏத்தா, இது அழுக்கு மூட்டை சொமக்குற கழுதை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையச் சொமந்து பழக்கமில்ல."

"இவளுக்கும் பழக்கமில்லண்ணே. ரெண்டும் புதுசு, சரியாப் போச்சு."

"ஒதைச்சா என்னைய ஒண்ணும் சொல்லக் கூடாது."

"கழுதை ஒதைச்சாலும் தாங்கிக்கிருவேன். இவுகப்பா ஒதைச்சாத் தாங்க மாட்டேன்."

மூட்டைக்கு மேல் என்னை உட்கார வைத்தார்கள். காலை மடக்கிக்கொள்ளச் சொன்னார் அக்கா. அவர் தண்ணீரில் இறங்கி, ஒரு கையால் என் முதுகைத் தாங்கிக்கொண்டே நடந்தார். கரையில் நின்ற கூக்கால்காரி, "பாண்டிய ராணி வாராக, வழி விடுங்கடி!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். சலவைக்காரரும் சிரித்தார்.

"சிரிங்கடி, சிரிங்க" என்றார் அக்கா. "இந்த ஊருக்கு யானையில வந்தவுக உண்டு, குதிரையில வந்தவுக உண்டு. கழுதையில வந்தவ இவ ஒருத்திதான். பரீட்சையில கேட்டா எழுதுங்க."

கரையில் இறங்கியபோது என் ஷூவில் ஒரு சொட்டு இல்லை. அக்காவின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். ஓடி வந்த களைப்பு என்று நினைத்தோம். எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. அழுகை வரும் என்று பார்த்தேன், அதற்குப் பதிலாக வேறு ஒன்று வந்தது. ஷூவைக் கழற்றினேன். "அக்கா, நான் இறங்கிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன்.

அக்கா சேலைக் கரையைப் பிழிந்தார். மூச்சு நிதானமானதும், "உங்கப்பாவுக்கு நான் குடுத்த வாக்கு இந்தக் கரையோட முடிஞ்சுபோச்சு. இனிமே அது உன் காலு" என்றார்.

இறங்கினேன். முதல் படி, இரண்டாவது படி, பிறகு மணல். கணுக்காலைச் சுற்றித் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. என்னை இழுக்கவில்லை. அக்கா கூப்பிடும்வரை நின்றேன். ரொம்ப நேரம் அவர் கூப்பிடவும் இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கப்பாட்ட இதை யாரு சொல்றது? நானா, நீயா?" என்று கேட்டார்.

"நானே சொல்றேன்க்கா."

"சரி. அப்ப அது உன் சோலி. நான் தலையிட மாட்டேன்."

பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா வந்து, "கால் நனையலையே?" என்று கேட்டபோது, "நான் கொண்டாந்த வரைக்கும் நனையலைங்கய்யா. மிச்சத்தை உங்க பிள்ளைகிட்டக் கேளுங்க" என்றார் அக்கா. அப்பா சிரித்தார், கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருக்கிறேன். இடையில் கடைவீதியில் அப்பாவும் நானும் போகும்போது அக்கா எதிரே வருவார். அப்பாவிடம் மிளகு விலை கேட்பார், என்னைப் பார்ப்பார், போய்விடுவார். ஒரு தடவைகூட எனக்குப் பதிலாக அவர் சொன்னதில்லை. போன கூட்டத்தில் நான் ஆற்றில் இறங்கியதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அவர் பக்கம் முடிந்திருக்கும். அப்போதும் சொல்லவில்லை. நான் சொல்வேன் என்று நம்பித் தள்ளிவைத்தார்.

அவரிடமிருந்து எனக்கு வந்தது அந்த நம்பிக்கைதான். ஒரு பொருளாக இருந்திருந்தால் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பேன். இதைப் பெட்டியில் வைக்க முடியாது, பேசினால்தான் வைத்துக்கொண்டதாக ஆகும். ஆகவே வாசிக்கப் போகிறேன்.

அப்பா, என் கால் நனைந்தது. யாரும் தள்ளவில்லை, நானேதான் இறங்கினேன். நம் ஓடைத் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். வைகைத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது அப்பா, குளிர்காலத்தில் நீங்கள் என் நெற்றியைத் தொடும்போது உங்கள் கை இருப்பது போல. சித்தப்பாவை நீங்கள் நினைப்பது போல நானும் அந்தத் தண்ணீரில் நின்று நினைத்தேன். பயமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. ஒன்பதாம் வகுப்பை ஆற்றுக்கு அனுப்புங்கள். நீங்களும் அவர்களோடு வாருங்கள். அக்கரை வரை நான் உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.