கண்ணாடிக்கல் சுவர்

குருவம்மாளும் பவதாரணியும் ஓரகத்திகள், எதிரெதிர் வீடு. காலையில் ஒரே ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஒரே ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுப்பவர்கள். ஆனாலும் இளையவள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் மூத்தவளான குருவம்மாளுக்கு வயிறு எரியும். அங்கே மிக்சி வந்த வாரம் இவள் அம்மியைத் தொடவில்லை, வீட்டில் சட்னியே இல்லை.

இந்த வருஷம் பவதாரணி தெருப்பக்கச் சன்னல்களைப் பெயர்த்துவிட்டு, கண்ணாடிக் கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பினாள். வெளிச்சம் உள்ளே போகும், ஆள் தெரியாது. சாயங்காலம் விளக்குப் போட்டால் சுவரே பாலாக ஒளிர்ந்தது. போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். குருவம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

"நமக்கும் அதே மாதிரி வைக்கணும்" என்றாள் கணவனிடம்.

"சன்னல் நல்லாத்தானடி இருக்கு?" என்றார் பிச்சைமணி.

"அவ வீட்டுல மட்டும் ஒடஞ்சா கெடந்துச்சு?"

கொத்தனார் அன்புச்செல்வன் வந்து பார்த்தார். "ஒரு சன்னலையாச்சும் விடுங்கக்கா. அவுக வீட்டுல பின்கதவு இருக்கு, காத்து வரும். ஒங்களுக்கு அதுவும் இல்லையே."

"அவளுதவிட ரெண்டு வரிசை கூட வையி. வெரசா சோலியப் பாரு."

சுவர் அழகாகத்தான் எழுந்தது. சித்திரை பிறந்ததும் வீடு வெந்தது. "நெருப்புப் போட்டு ஏலக்காய் ஒணத்துற ஸ்டோருக்குள்ள படுத்த மாதிரி இருக்கு" என்று பிச்சைமணி தலையணையோடு மொட்டைமாடிக்குப் போனார். குருவம்மாள் போகவில்லை. எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பவதாரணியே வந்தாள். சுவரைத் தடவிப் பார்த்தாள்.

"எங்களுதவிடப் பெருசுக்கா."

வியர்வை வழிய நின்ற குருவம்மாளுக்கு உள்ளே குளிர்ந்தது.

"ஆனா, ஒங்களுக்கு எதுக்குக்கா இது? நீங்க எங்க சன்னலையே பாத்துக்கிட்டு இருக்கீகன்னுதான் நாங்க அடைச்சோம். துணி கட்டுனா காத்துல வெலகுது."

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனால் திட்டவும் முடியவில்லை. அவள் போனபின் குருவம்மாள் வெகுநேரம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். வெட்கமாக இருந்தது. அதையும் மீறி, தன் கண்ணை மறைக்க அவ்வளவு அழகான சுவரா என்று பொறாமையாகவும் இருந்தது.

மறுவாரம் அன்புச்செல்வனை வரச்சொல்லி, மலையைப் பார்த்த பக்கத்துச் சுவரை உடைத்து, பழைய சன்னல் ஒன்றை அங்கே பொருத்தச் சொன்னாள். அன்று சாயங்காலமே மேற்குக் காற்று வீட்டுக்குள் வந்தது. பிச்சைமணி தலையணையோடு கீழே இறங்கினார்.

காலையில் ஜீப்பில் பவதாரணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புதுச்செருப்பு போட்டிருந்தாள். குருவம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: "எங்கடி எடுத்த?"