பூவாயி அத்தை ஆடிய பாட்டு

டிரம்பெட்டைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் காய வைக்கும்போது எழுகிற பித்தளை வாடை இன்றைக்கும் எங்காவது மூக்கில் ஏறினால் நான் நடையை நிறுத்திவிடுவேன். அந்த வாடையோடு நான் நின்றிருந்த ஒரு சாயங்காலத்தில்தான் என் அக்காவின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

எங்கள் தாய்மாமன் அம்மாபேட்டையில் "பேண்டு செட்" வைத்திருந்தார். இரண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன், உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய டியூபா என்று ஐந்தே பேர். நான் ஆறாவது படிக்கையில், லாரி ஓட்டும் கூட்டாளி ஒருவர் மாமாவின் செல்போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினார்: ஐரோப்பாவின் பால்கன் பகுதி நாட்டுப்புற மெட்டு ஒன்றை, இவர்களைப் போலவே ஐந்து பேர் கன்னம் புடைக்க ஊதித் தள்ளினார்கள். பேய் வேகம். மாமா சாப்பாட்டை மறந்து தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம தகிட தகதிமி சாமி, ஏழு தட்டு. அங்கயும் ஏழுல ஆடறானுங்க பாரு" என்றார்.

புதுப் பாட்டு எதுவானாலும் முதலில் சாவு வீட்டில் வாசித்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். பிசிறு தட்டினாலும் அங்கே கேட்பாரில்லை. நிறை வயதில் போன "கல்யாணச் சாவு" என்றால் ஆண்கள் ஆடக்கூடச் செய்வார்கள். அந்த மெட்டும் அப்படிப் பல பாடைகளுக்கு முன்னால் நடந்து பழகியது. எந்தச் சாவில் எதை ஊதினோம் என்று மட்டும் மாமா நினைவில் வைத்துக்கொள்ளமாட்டார்.

மறுவருஷம் அக்காவுக்குப் பனமரத்துப்பட்டியில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை அழைப்பில், கோயிலிலிருந்து மண்டபத்துக்குக் கார் நகர, நான் பாவாடை சட்டையில் பூத்தட்டோடு மாமாவுக்குப் பின்னால் நடந்தேன். சினிமாப் பாட்டுகள் முடிந்ததும் மாமா கண்ணைக் காட்டினார். பால்கன் மெட்டு வெடித்தது. அடேயப்பா, தெருவே அதிர்ந்தது.

மாப்பிள்ளையின் அப்பா கையை உயர்த்தி, "நிறுத்துங்க" என்றார். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாயிருந்தது. "எங்கப்பனத் தூக்கிட்டுப் போனப்ப ஊதுனதுங்க இது. மறப்பனா? சாவுக்கு ஊதுனத ஊதிப் பொண்ணு குடுக்கற ஊடு எங்களுக்கு வேண்டாம். வண்டியத் திருப்பு."

மாமாவின் உதட்டில் டிரம்பெட் அழுத்திய வளையம் அப்படியே சிவந்திருக்க, அவர் டிரம்பெட்டை இறக்கினார். மண்டபத்தில் அக்கா அலங்காரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும் என் மண்டைக்குள் ஓடியது. டிரைவர் காரைப் பின்னுக்கு எடுக்கவே தொடங்கிவிட்டார்.

அப்போது மாப்பிள்ளையின் அப்பாவுடைய தங்கை, இறந்தவரின் ஒரே மகள் பூவாயி அத்தை, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மாமாவிடம் வந்தார். அறையப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அன்னைக்குப் பொம்பளைங்க தெருவுக்கு வரக்கூடாதுன்னு என்னைய ஊட்டோட நிறுத்திட்டீங்கண்ணா. ஜன்னல்ல நின்னு கேட்டேன். எங்கப்பனுக்கு நான் ஆடலீங்க" என்று தன் அண்ணனைப் பார்த்துச் சொன்னவர், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மாமாவிடம் திரும்பினார். "ஊதுங்க சாமி."

ஊதினார்கள். அவர் ஆடினார். எல்லோர் காலும் இடறுகிற அந்த ஏழில் அவர் கால் ஒருமுறைகூடத் தப்பவில்லை, அழுதுகொண்டே ஆடினார். கல்யாணத் தெருவில் ஒரு பெரிய பொம்பளை இப்படி ஆடி நான் பார்த்ததே இல்லை. அண்ணன்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி டிரைவரிடம், "முன்னால போப்பா" என்றார்.

போன மாதம் மாமா இறந்துவிட்டார். முந்தின நாள்வரை நன்றாக இருந்த மனிதர். அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் தெளியவில்லை. செட்டில் மிச்சமிருந்த நால்வர் வந்து பாடைக்கு முன்னால் நின்று அந்த மெட்டையே எடுத்தார்கள். "பொம்பளைங்கல்லாம் ஊட்டோட நில்லுங்க" என்று யாரோ வாசலில் சொன்னார்கள். பஸ் பிடித்து வந்திருந்த பூவாயி அத்தை, முழங்கால் வலியோடு சுவரில் சாய்ந்திருந்தவர், என்னைப் பார்த்தார். நான் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு படியிறங்கினேன். மாமாவின் டிரம்பெட் வரவேண்டிய இடத்தில் நால்வரும் ஊதாமல் விட்டார்கள். அந்த இடத்தில் நான் காலை வைத்தேன்.